மேல் அடுக்கு எலிகளைப் பற்றி லோகுவுக்கு

என் லோகு,

முதலில் ஒரு செய்தி. எனக்கு ஸ்டூல் கொடுத்துவிட்டார்கள். இரண்டு படி வைத்த இரும்பு ஸ்டூல். நீ போனபிறகு மேல் அடுக்குக் கூண்டுகளையும் நானே இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. ஐந்தடிகூட இல்லாத எனக்கு அது எட்டுமா? ஏறி நிற்கும்போதெல்லாம் உன் குரல் கேட்கிறது: "பாத்துடி குள்ளச்சி, எலியோட சேந்து நீயும் வுழுந்துடப் போறே." இதுவரை விழவில்லை.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ சாயந்திரங்களில் செய்துகொண்டிருந்த காரியத்தை ஷோபா மேடத்திடம் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உன் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தவள் நான். தலையில் முடியே இல்லை, அதனால் அந்தச் சத்தியம் செல்லாது என்று அன்றைக்கு நீயேதான் சிரித்தாய். இருந்தாலும் மனசு உறுத்துகிறது. கோபப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுசாகக் கேட்டுவிட்டுக் கோபப்படு.

இதை வெளியாட்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நாம் இருவரும் வேலை பார்த்தது எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். அதன் தரைத்தளத்தில் எலிகளை வளர்க்கும் அறை. கூண்டு மாற்றுவது, தீனி தண்ணீர் வைப்பது, எலிகளைத் தொட்டுப் பார்த்துக் குறித்துவைப்பது நம் வேலை. காலையில் நான் நீலசந்திராவிலிருந்து நடந்து அடுகோடிக்கு வருவேன். உன் தெருமுனையில் நீ நிற்பாய். வேனில் ஜன்னல் சீட்டுக்குத் தினமும் சண்டை. இப்போது ஜன்னல் சீட்டு எனக்குத்தான், கேட்க ஆளில்லை. ஓசூர் ரோட்டில் பாலத்தின்மேல் வண்டி ஏறும்போது வெளியே பார்க்கிறேன். பார்த்து என்ன சொல்ல, யாரிடம் சொல்ல?

உள்ளே நுழையும்போது குளித்து, உடை மாற்றி, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை. வெளியே தெரிவது கண் மட்டும்தான். பதினோரு வருஷம் நாம் பேசியதெல்லாம் பாதி கண்ணால்தான். நீ சிரித்தால் உன் இடது கண் கொஞ்சம் அதிகமாகச் சுருங்கும். உன் முகம் எனக்கு இப்போது அப்படித்தான் நினைவுக்கு வருகிறது. மூக்குக்குக் கீழே உள்ளதை யோசித்துத்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது.

நீ உயரம். அதனால் மேல் அடுக்கு உன்னுடையது, கீழ் அடுக்கு என்னுடையது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. முதல் நாள் நாமே பிரித்துக்கொண்டது.

அந்த ஆராய்ச்சியை நடத்தும் ஷோபா மேடத்திடம் அவருடைய கேள்வி என்ன என்று நாம் ஒருநாள் கேட்டோம், ஞாபகம் இருக்கிறதா? பெண் எலியின் மார்பில் புற்றுச் செல்களை வைப்பார்கள். கட்டி வளரும். பிறகு அதை அறுத்து எடுத்துவிடுவார்கள். ஆனால் அதற்குள் சில செல்கள் கட்டியைவிட்டுக் கிளம்பி, ரத்தத்தோடு போய் நுரையீரலில் இறங்கியிருக்கும். சில எலிகளுக்கு அங்கேயும் கட்டி முளைத்து உயிர் போகும். சில எலிகளுக்கு முளைப்பதே இல்லை. அந்த எலிகளின் உடம்பு எப்படித் தடுக்கிறது? இதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது.

மேடம் கன்னடக்காரர் என்றாலும் நம்மோடு தமிழில்தான் பேசுவார், அவருக்கு வந்த தமிழில். "நம்ம ரத்தத்துல சில வெள்ளை அணு இருக்கு, லோகு. புது ஆளைப் பாத்தா விடாது. உங்க ஏரியா தெரு நாய் மாதிரி. சில செல்லைக் கடிச்சுக் கொன்னு போடும். சிலதை மூலையில உக்கார வச்சுடும், எந்திரிக்கவே விடாது. அது அங்கயே தூங்கும், வருஷக்கணக்கா."

நீ கேட்டாய்: "அந்த நாய் தூங்கிட்டா, மேடம்?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன்," என்றார் அவர்.

அன்றைக்கே உனக்குத் தெரியுமா, லோகு? உன் மார்பில் இருந்தது அப்போதே உன் கைக்குத் தட்டுப்பட்டிருந்ததா? எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். தெரிந்துதான் கேட்டாய் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் இல்லை என்று தோன்றுகிறது.

செவ்வாயும் வெள்ளியும் எலிகளைத் தடவிப் பார்க்கும் நாள். உன் விரலுக்கு அந்தக் கட்டடத்திலேயே ஈடு கிடையாது. கருவி வைத்து அளப்பதற்கு முன்னாலேயே, "நாலாவது கூண்டு, இடது பக்கம், மிளகு சைஸ், எழுதிக்கோ," என்பாய். நான் எழுதுவேன். ஒருநாளும் தப்பியதில்லை. எலியின் மார்பில் மிளகைக் கண்டுபிடிக்கிறவள் தன் மார்பில் இருப்பதை மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தாள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. செத்தவளோடு சண்டை போட முடியவில்லை, அதனால் கூண்டுகளைச் சத்தமாக வைக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை உடை மாற்றும் அறையில் நாம் இரண்டு பேர் மட்டும். என் கையைப் பிடித்து உன் மார்பில் வைத்தாய். "சைஸ் சொல்லுடி," என்றாய்.

நான் என்ன சொன்னேன்? "எலுமிச்சை," என்றேன். நோட்டில் எழுதுவதற்குச் சொல்வதுபோல. பழக்கதோஷம். என் வாயை நான் அன்றே தைத்துக்கொண்டிருக்க வேண்டும். நீ தலையை ஆட்டினாய், "நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாய். அப்புறம்தான் கையை எடுத்தேன்.

"எப்பலேர்ந்துடி?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து. சொன்னா எல்லாருக்கும் பேஜாரு. அதான்."

எல்லாருக்கும் என்றால் யாருக்கு? உன் புருஷன் போன திசை தெரியாது. அண்ணன் தங்கவயலில் அவர் குடும்பத்தோடு இருந்தார். அடுகோடியில் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு. யாருக்குப் பேஜார்? எனக்குத்தானே. எனக்குப் பேஜாரானால் என்ன கெட்டுப்போகும்?

ஆபரேஷன் ஆயிற்று, ஊசி மருந்தும் ஆயிற்று. எல்லாம் முடிந்து நீ வேலைக்குத் திரும்பியபோது கொட்டிய முடி இன்னும் முளைக்கவில்லை. வேனில் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வந்தாய். உள்ளே வந்து தொப்பி போட்டதும் உன் இடது கண் சுருங்கியது. "நான் மொட்டைன்னு யாருக்கும் தெரியாத ஒரே எடம் இதுதான்டி. எல்லாருக்கும் தொப்பி." அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் கூண்டுக்குள் எலிகள் ஓடி ஒளிந்தன.

அப்போதுதான் அந்தப் பரிசோதனை தொடங்கியது. கட்டி எடுத்த எலிகளைத் தனித்தனிக் கூண்டில் போடுவது வழக்கம், ஒன்றின் தையலை இன்னொன்று கடித்துவிடக்கூடாது என்று. இந்த முறை கடைசிவரைக்கும் ஒவ்வொன்றும் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று மேடம் எழுதிக் கொடுத்திருந்தார். எல்லா எலியும் ஒரே மாதிரி இருந்தால்தான் முடிவை நம்ப முடியும் என்பது அவர் கணக்கு. தப்பில்லை.

ஆனால் தனிக் கூண்டில் எலி எப்படி இருக்கும் என்று அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை, நாம் பார்த்தோம். முதல் நாள் சுற்றிச் சுற்றி வரும். கண்ணாடிச் சுவரில் மூக்கை வைத்துப் பக்கத்துக் கூண்டை மோப்பம் பிடிக்கும். பிறகு மூலையில் சுருண்டுவிடும். கூடு கட்டிக்கொள்ளக் கொடுத்த காகிதத்தைச் சிலது தொடக்கூடத் தொடாது.

தையல் ஆறிய பிறகு ஒரு சாயந்திரம், வேன் கிளம்ப இருபது நிமிஷம் இருக்கும்போது, மேல் அடுக்கிலிருந்து ஒரு எலியை எடுத்துப் பக்கத்துக் கூண்டில் விட்டாய்.

"ஏய், இன்னா பண்றே?"

"அக்கா தங்கச்சிடி இதுங்க. ஒரே வயித்துல பொறந்தது. ராத்திரிக்கு மட்டும் சேந்து தூங்கட்டும். காத்தால மொதல் வேலையா பிரிச்சு வுட்டுடறேன்."

"மேடத்துக்குத் தெரிஞ்சா?"

"யாரு சொல்லப் போறா? நீயா?"

அன்றைக்குத்தான் அந்தச் சத்தியம். அதற்குப் பிறகு தினமும் மேல் அடுக்கு முழுக்க ஜோடி சேர்த்தாய், காலையில் காதில் அடையாளத்துக்குப் போட்ட துளையைப் பார்த்து அவரவர் கூண்டில் விட்டாய். "ஹாஸ்டல் வார்டன்" என்று உன்னைக் கேலி செய்தேன். நீ கண்டுகொள்ளவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி உருண்டையாகத் தூங்குகிற இரண்டு எலிகளைக் காட்டி, "பாரேன், எவ்ளோ குஷி," என்பாய். "உன் கீழ் அடுக்கையும் சேத்து வுடேன்டி," என்று ஒருநாள் கேட்டாய். "எனக்கு வேலை முக்கியம்," என்றேன். நீ மறுபடி கேட்கவில்லை.

அடுகோடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால் உனக்குப் பேச ஆள் கிடையாது. எனக்கும்தான். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தபிறகு வீட்டில் நானும் டிவியும். ஒரு மைல் தூரம்கூட இல்லை நம் இரண்டு வீட்டுக்கும். நீயாவது எலிகளைச் சேர்த்துவைக்கலாம் என்று யோசித்தாய். நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துவிடலாம் என்று எனக்கு ஏன் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை?

பிறகு உனக்கு இருமல் வந்தது. நுரையீரலுக்குப் பரவிய எலியை நாம் பார்த்த உடனே சொல்லிவிடுவோம், விலா படபடவென்று அடித்துக்கொள்ளும். வேன் படியேறி உட்கார்ந்ததும் உன் தோள் அதே மாதிரி ஏறி இறங்கியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீயும் நான் பார்த்ததைப் பார்த்தாய்.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் அந்த எலிகளுக்கும் கடைசி வாரம். நீ வராத சாயந்திரங்களில் மேல் அடுக்கில் ஒவ்வொன்றும் தனியாகத்தான் கிடந்தது. நான் சேர்த்துவிடவில்லை. எனக்கு எட்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவிழ்த்து வைத்த வாளிமேல் ஏறினால் எட்டியிருக்கும்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாய். நான் இரண்டு தடவை வந்தேன். மூன்றாவது முறை நீ போன் செய்து, "வர்றியாடி?" என்று கேட்டபோது நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு எலி ரூமுக்குள்ள வுட மாட்டாங்களாம் லோகு. புது ரூலு."

அப்படி ஒரு விதி கிடையாது. குளித்துவிட்டுத்தானே உள்ளே போகிறோம்? அந்த அறையின் விதிகள் எல்லாவற்றையும் எனக்கே சொல்லிக் கொடுக்கக்கூடியவள் நீ. ஒரு மூச்சு விட்டாய், இருமினாய். "ரூல்னா ரூல்தான்டி. நீ எலிங்களைப் பாத்துக்கோ," என்றாய். என் பொய்யை எனக்காக நீயே தாங்கிக்கொண்டாய்.

பயம், லோகு. வேறொன்றும் இல்லை. நீ சேர்ந்த வாரம்தான் எலிகளின் நுரையீரல்களை எடுத்து மஞ்சள் திரவத்தில் போட்டார்கள். நுரையீரல் மஞ்சளாகும், பரவிய இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். குப்பிகளைக் கழுவிக் கொடுத்தது நான். அந்தப் புள்ளிகளைப் பார்த்த கண்ணோடு உன் கட்டிலுக்கு எதிரே வந்து உட்கார என்னால் முடியவில்லை. உனக்குள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குக் கண்ணால் தெரியும். மற்றவர்களுக்கு அது ஒரு வார்த்தை மட்டும்தான். தெரிந்தவள் ஓடிவிட்டாள்.

அன்று காலை வேனுக்குக் காத்திருக்கும்போது போன் வந்தது. ஒரு நர்ஸ். "லோகநாயகி தங்கச்சிங்களா?" என்று கேட்டாள்.

"இல்லங்க, நான் கூட வேலை செய்யறவ," என்றேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம். "ஃபார்ம்ல தங்கச்சின்னுதான் போட்டிருக்காங்க. கஸ்தூரி நீங்கதான?" என்றாள். அதற்குப் பிறகுதான் நீ போய்விட்டதைச் சொன்னாள்.

சேர்க்கும்போது நீ நிரப்பிய படிவம் அது. வந்து பார்த்தேன். உன் கோணல் எழுத்து. என் பெயர், என் போன் நம்பர், உறவு என்ற இடத்தில் தங்கச்சி. அந்த ஒரு வார்த்தையை எழுதிவைத்துவிட்டு மூன்று வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாயா?

கல்பள்ளி மயானத்தில் எல்லாம் முடிந்தது. உன் அண்ணன் வந்து செய்தார். நான் ஓரமாக நின்றேன். கூட வேலை செய்கிறவள் நிற்கிற இடத்தில் நின்றேன்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத கதை. எலிகளின் முடிவு வந்தது. என் கீழ் அடுக்கில் பெரும்பாலான நுரையீரல்களில் வெள்ளைப் புள்ளிகள். உன் மேல் அடுக்கில் புள்ளிகள் கொஞ்சமாகத்தான் இருந்தன. சிலவற்றில் தேடித்தான் பார்க்க வேண்டும். மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே இன எலி, ஒரே தீனி, ஒரே ஆபரேஷன். மேலே இருந்ததுகளின் உடம்பு மட்டும் எப்படி எதிர்த்து நின்றது?

அவர் தேட ஆரம்பித்தார். வெளிச்சத்தை அளந்தார். காற்று வரும் குழாயைக் கழற்றிப் பார்த்தார். தண்ணீரை அனுப்பிச் சோதித்தார். வாரத்துக்கு ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, "கஸ்தூரி, மேல ஏதாவது வேற மாதிரி நடந்துச்சா?" என்பார். "இல்ல மேடம்," என்பேன். ஐந்து மாதம் அதையே சொன்னேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பாதி உண்மை அது. மீதிப் பாதி என் வேலை.

கடைசியில் வெளிச்சம்தான் காரணமாக இருக்கும் என்று அவருக்குப் பட்டது. மேல் அடுக்கு விளக்குக்குப் பக்கம் அல்லவா? கீழ் அடுக்குக்கும் விளக்கு போட்டார். புதிதாக எலிகள் வந்தன. புற்றுச் செல்களை வைத்து, கட்டியை வளர்த்து, அதை அறுத்து எடுத்துவிட்டுத் தனித்தனியாகக் கீழ் அடுக்கில் வைத்தார்கள். மறுநாள் காலை போய்ப் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் அந்த வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூலையில், தலையைக் காகிதத்துக்குள் செருகிக்கொண்டு கிடந்தது.

உன் ரகசியத்துக்காகவும் என் வேலைக்காகவும் இவ்வளவு உயிரும் ஒரு பொய்க் காரணத்துக்கு அறுபட்டுக் கிடக்கிறதே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இதை விட்டால் மேடம் விளக்கைப் பற்றி எழுதி உலகத்துக்கு அனுப்புவார். எங்கேயோ யாரோ அதை நம்புவார்கள். இன்னும் எத்தனை எலி, எத்தனை வருஷம்? அந்த நோய் வந்த பெண்கள் எத்தனை பேர் போய்விடுவார்கள் அதற்குள்?

மாஸ்க்கைக் கழற்றினேன், மத்தியானம் அவர் அறைக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன். நீ செய்தது, நான் பார்த்தது, கேட்டபோதெல்லாம் இல்லை என்றது, எல்லாம்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஐது திங்களு, கஸ்தூரி! அஞ்சு மாசம் நான் பல்பை அளந்துட்டு இருக்கேன்!" என்று மேஜையைத் தட்டினார். நான் அழவில்லை. திட்டு எனக்கு வேண்டியிருந்தது. பிறகு, "அவ ஏன் அப்படிச் செஞ்சா?" என்று கேட்டார்.

"எலிங்க தனியா இருக்குதேன்னு, மேடம்."

அவர் உட்காரச் சொன்னார். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

அப்போது நான் கேட்டேன். கேட்காமல் என்னால் வெளியே வந்திருக்க முடியாது. "மேடம், ஜோடியா இருந்ததாலதான் அதுங்க உடம்பு எதுத்து நின்னுச்சா? அப்போ லோகு தனியா இருந்ததாலதான் அவளுக்குப் பரவிடுச்சா? நான் போயிருந்தா..."

"நிறுத்துங்க," என்றார். "ஒரு தடவை நடந்ததை வச்சு நான் எலிக்கே சொல்ல முடியாது. ஜோடியா இருக்கலாம், அடுக்கா இருக்கலாம், லோகு கை பழகின கையா இருக்கலாம், எதுவுமே இல்லாமகூட இருக்கலாம். தனியா இருக்கிற எலிக்கு பயம் ஜாஸ்தி, அதுல அந்தக் காவல் அணுவெல்லாம் சோர்ந்துபோகுமோன்னு சந்தேகப்படலாம். அவ்ளோதான். மனுஷிக்கு அது வேற, ரொம்ப வேற. லோகுவுக்கு லேட்டாத் தெரிஞ்சுது. நீங்க பக்கத்துல இருந்திருந்தாலும் அது பரவியிருக்கும். இதைத் தலையில ஏத்திக்காதீங்க."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. நான் வந்திருந்தால் நீ பிழைத்திருக்கமாட்டாய். சரி. ஆனால் யாராவது பக்கத்தில் இருக்கும்போது போயிருப்பாய் அல்லவா? அதற்கு எந்த விஞ்ஞானமும் தேவையில்லை. நீ எலிகளைக்கூடத் தனியாக விடவில்லை. நான் உன்னை விட்டேன். இதை எந்த மேடம் சொன்னாலும் இறக்கி வைக்க முடியாது, இறக்கி வைக்கவும் போவதில்லை.

மறுநாள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நடந்ததை வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், ஆறு மாதம் கண்காணிப்பு. வேலை போகவில்லை, மேடம் பேசியிருக்கிறார் போலும். எழுதுகிறவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டார்: "அவங்களுக்கும் உங்களுக்கும் என்ன உறவு? சக ஊழியர்னு போட்டுக்கறேன்."

"தங்கச்சின்னு போடுங்க," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ரெக்கார்டுல அப்படி இல்லையேம்மா. சொந்தக்காரங்க ஒரே செக்‌ஷன்ல வேலை பாக்க பர்மிஷன் வாங்கியிருக்கணும். சுமனே வீணா இன்னொரு மெமோ வாங்கிக்காதீங்க."

"வந்தா வரட்டும் சார். ஆஸ்பத்திரி ரெக்கார்டுல இருக்கு. அவளே எழுதினது. ஒரு தடவை இல்லன்னு சொல்லிட்டேன், இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. இருந்தும் நான் சொன்னபடியே தட்டினார். இரண்டாவது மெமோ இன்னும் வரவில்லை, வந்தால் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

விளக்குகளைக் கழற்றிவிட்டார்கள், லோகு. அனுமதி வாங்கிப் புதுப் பரிசோதனை தொடங்கியிருக்கிறது. இரண்டு அடுக்கிலும் பாதி எலி தனியாக, பாதி எலி ஜோடியாக. இந்த முறை ஜோடி திருட்டுத்தனமாக இல்லை, கூண்டுச் சீட்டிலேயே "இரண்டு" என்று எழுதியிருக்கிறது. தையல் ஆறியதும் அக்கா தங்கச்சிகளைச் சேர்த்துவிட்டது நான்தான். ஸ்டூலில் ஏறி மேல் அடுக்கிலும் விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றை ஒன்று மோந்தன, பிறகு உருண்டையாயின. நீ காட்டுவாயே, அதே மாதிரி.

தனியாக விட்ட பாதியைப் பார்க்கத்தான் முடியவில்லை. சேர்த்துவிடக் கை துறுதுறுக்கிறது. சேர்க்கமாட்டேன். அதுவும் உனக்காகத்தான், புரிந்துகொள். இப்போது நான் ஏமாற்றினால் நீ செய்ததற்கு என்றைக்குமே பதில் கிடைக்காது. வேன் கிளம்பும்வரை அந்தக் கூண்டுகளுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதை எந்த விதியும் தடுக்கவில்லை, கேட்டுவிட்டேன்.

முடிவு தெரிய இன்னும் சில வாரம் ஆகும். ஜோடியாக இருந்ததால் ஒரு பயனும் இல்லை என்றுகூட வரலாம். எது வந்தாலும் முதலில் கல்பள்ளிக்கு வந்து உன்னிடம் சொல்கிறேன். நல்லபடி வந்தால் சிரித்துக்கொண்டு, இல்லையென்றால் இல்லை என்றே. இனி உன்னிடம் பொய் கிடையாது. வரமுடியாது என்று சொல்ல எந்த விதியையும் கண்டுபிடிக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் நீ எழுதியபடி,
உன் தங்கச்சி
கஸ்தூரி